செல்லாக் காசின் நாணயம்

‘ஷோலே’ படம் பார்த்தவர்களிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் கப்பர் சிங்கைச் சொல்வார்கள். குதிரை வண்டி பசந்தியைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் ஒரு காசைச் சொல்வேன்.

1975-ல் வந்த படம். அமிதாப்பும் தர்மேந்திராவும் ஜெய், வீரு என்ற இரண்டு நண்பர்கள். முடிவெடுக்க முடியாத இடத்திலெல்லாம் ஜெய் ஒரு காசை எடுத்துச் சுண்டுவான். பூவா தலையா? விழுந்தபடி நடப்பார்கள். கடைசிக் கட்டத்தில் கொள்ளைக்காரர்கள் நெருங்கிவிடுகிறார்கள். ஒருவன் இருந்து அவர்களைத் தடுக்க வேண்டும். இன்னொருவன் ஊருக்குள் போய்த் தோட்டா கொண்டுவர வேண்டும். யார் இருப்பது? சுண்டுகிறான். தலை. ஜெய் இருக்கிறான். வீரு திரும்பி வரும்போது ஜெய் சாகக் கிடக்கிறான். அதற்குப் பிறகுதான் வீரு அந்தக் காசைப் புரட்டிப் பார்க்கிறான். இந்தப் பக்கமும் தலை. அந்தப் பக்கமும் தலை!

தியேட்டரில் மூக்கை உறிஞ்சாதவர்கள் குறைவு. சரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசியுங்கள். ஜெய் செய்தது என்ன? உயிருக்கு உயிரான நண்பனை ஏமாற்றினான். ஒரு தடவை அல்ல, அந்தக் காசைச் சுண்டிய ஒவ்வொரு தடவையும். பிறகு ஏன் நமக்கு அவன்மேல் கோபம் வரவில்லை?

இந்தக் கேள்வியை இப்போது தூசி தட்டி எடுக்க வைத்தது கோட்டக்குப்பத்திலிருந்து வந்த ஒரு மெயில்.

ஊர் தெரியாதவர்களுக்காக: சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் புதுச்சேரிக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் வரும் ஊர். இது விழுப்புரம் மாவட்டம். இன்னும் கொஞ்சம் நடந்தால் முத்தியால்பேட்டை, அது புதுச்சேரி. 1954 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி. எது இங்கே செல்லும், எது அங்கே செல்லும் என்ற கேள்வி எல்லையோர ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

மெயில் எழுதியவர் சமீபத்தில் கல்லூரி முடித்த தம்பி. க்ளோஸ்-அப் மேஜிக் பழகுகிறாராம். மேடையில் பெட்டிக்குள் பெண்ணை அறுக்கிற சமாசாரம் இல்லை இது. ஒரே மேஜையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சீட்டு, காசு, கயிறு இவற்றை வைத்துச் செய்கிற வித்தை. வார இறுதியில் புதுச்சேரி ரெஸ்டாரன்ட்களில் மேஜை மேஜையாகப் போய்ச் செய்து காட்டினால் நாலு காசு பார்க்கலாம் என்பது அவர் திட்டம். அதற்காக ‘கிம்மிக்’ காசுகள், அதாவது வித்தைக்கென்றே உள்ளுக்குள் வேலை செய்யப்பட்ட காசுகள் வாங்க வேண்டும். எதை வாங்குவது என்பது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்விதான் விஷயம். அத்தா கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். காசு வித்தை என்றதுமே முகம் மாறிவிட்டதாம். “நாலு பேரு நம்பிக் காசு குடுக்குற கடைடா இது. கல்லாப்பெட்டி இருக்குற வூட்ல கள்ளக் காசு இருக்கக் கூடாது. ஜனங்கள ஏமாத்திச் சம்பாதிக்கறது ஒரு பொழப்பா?” என்று கேட்டிருக்கிறார். தம்பிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ‘அத்தா சொல்றது சரியா சார்?’ என்று என்னிடம் கேட்கிறார்.

முதலில் சுலபமான கேள்வியை முடித்துவிடுவோம்.

கிம்மிக் காசுகளில் வகைகள் நிறைய. (தொழில் ரகசியத்தைப் போட்டு உடைக்கிறான் என்று மேஜிக் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இதெல்லாம் எப்போதோ புத்தகத்தில் ஏறிவிட்டவை. ஜே.பி.போபோ 1952-ல் எழுதிய ‘மாடர்ன் காயின் மேஜிக்’ இன்றைக்கும் இந்தத் துறையில் அரிச்சுவடி.) ஜெய் வைத்திருந்தது இரட்டைத் தலை. எந்த அரசாங்கமும் இப்படிக் காசு அடித்துப் புழக்கத்தில் விடுவதில்லை. ஒரு காசை உள்ளே குடைந்து, இன்னொரு காசின் தலைப் பக்கத்தைச் சீவியெடுத்து, குழிக்குள் பொருத்திவிடுவார்கள். ஒட்டு, விளிம்பின் உள்வட்டத்தில் மறைந்துபோகும். ஒரு பொய்க் காசு செய்ய இரண்டு நிஜக் காசு காலி.

அடுத்தது ‘ஷெல்’. காசின் ஒரு முகமும் ஓரமும் மட்டும் இருக்கும், உள்ளே வெற்றுக் கூடு. நிஜக் காசின் மேல் குல்லா மாதிரி கச்சிதமாக உட்காரும். சேர்த்து வைத்தால் ஒரு காசு, பிரித்து வைத்தால் இரண்டு. அப்புறம் மடக்குக் காசு. துண்டுகளாக அறுத்து, விளிம்பில் நுண்ணிய பள்ளம் வெட்டி, ரப்பர் வளையத்தால் கட்டியிருப்பார்கள். மடக்கினால் பாட்டில் கழுத்து வழியே உள்ளே போய், அங்கே படக்கென்று விரிந்துகொள்ளும். இன்னொன்று, உள்ளே காந்தம் வைத்த காசு.

இதில் எதை வாங்குவது? கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. காசைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்டும் கையால் தூக்கியும்தான் சோதிக்க வேண்டும். மேஜையில் போட்டால் நல்ல காசு ‘கிணுங்’ என்கும். மட்டமான ஷெல் ‘டப்’ என்கும். எடை குறைந்தால் கை உடனே சொல்லிவிடும். பழசான காசுகளோடு பளபளவென்று ஒரே ஒரு காசு இருந்தால் எட்டு வயசுப் பையன்கூட அதைத்தான் எடுத்துப் பார்ப்பான். ஆகவே தேய்மானமும் பொருந்த வேண்டும்.

அமெரிக்க மேஜிக்காரர்களுக்கு அரை டாலர் என்றால் உயிர். முப்பது மில்லிமீட்டருக்குச் சற்று மேலே அகலம், 11 கிராமுக்கு மேல் எடை. உள்ளங்கை அதைத் தானாகக் கவ்விக்கொள்ளும். 2011-ல் வந்த நம்முடைய ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், நாலு கிராம்கூட இல்லை. விரலிடுக்கில் நழுவும். காந்தக் காசில் இன்னொரு சங்கடம். அரை டாலரில் காந்தம் ஒட்டாது. நம் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் காந்தத்தில் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அமெரிக்கப் புத்தகத்தைப் படித்துவிட்டு காந்தக் காசை ரூபாய்ச் சில்லறையோடு பையில் போட்டால், கொத்தாக ஒட்டிக்கொண்டு வெளியே வரும். மேஜையில் இருப்பவர்கள் கை தட்டுவார்கள். ஆனால் வேறு காரணத்துக்காக.

அப்படியானால் நம்ம ஊர் ரூபாயிலேயே கிம்மிக் செய்துகொண்டால்? பார்ப்பவர்களுக்குப் பழகிய காசு, சந்தேகமே வராதே? அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 2011-ம் வருடத்து நாணயச் சட்டம் நம் காசை உருக்கக் கூடாது, சிதைக்கக் கூடாது, சிதைத்த காசைக் கையில் வைத்திருக்கவும் கூடாது என்கிறது. பணமாகப் பயன்படுத்துவது தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. மீறினால் ஏழு வருடம்வரை சிறை. (கடைசி வரியை அப்படியே பிடித்துக்கொண்டால் டாஸ் போடுகிற கிரிக்கெட் கேப்டன்களையும் உள்ளே தள்ள வேண்டும். அது வேறு விஷயம்.) அமெரிக்கச் சட்டம் இப்படி இல்லை. ஏமாற்றும் நோக்கத்தோடு காசை மாற்றினால்தான் அங்கே குற்றம். அவர்கள் மனசைப் பார்க்கிறார்கள், நாம் செயலையே தடுக்கிறோம்.

ஆகவே தம்பி, ரூபாயில் கை வைக்காதீர்கள். யாரோ விற்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. வெளிநாட்டுக் காசில் செய்த கிம்மிக் வாங்குங்கள். அரை டாலரை இங்கே யாரும் பார்த்ததில்லை, பார்த்ததுமே ‘இதில் ஏதோ இருக்கிறது’ என்பார்கள். புதுச்சேரி மேஜையில் யூரோ இயல்பாக இருக்கும். ரூபாயில் செய்ய ஆசைப்பட்டால் முழுக் காசை வைத்துக் கை வித்தையாகவே செய்யுங்கள். முதல் கேள்வி முடிந்தது.

இனி அத்தாவின் கேள்வி.

மேஜிக் உலகத்துக்குள்ளேயே இதற்கு ஒரு பதில் புழங்குகிறது. ‘கை வித்தை கலை. கிம்மிக் ஏமாற்று வேலை.’ வருஷக்கணக்காகக் கண்ணாடி முன்னால் நின்று பழகியவர், கடையில் காசு கொடுத்து ஒரு தந்திரத்தை வாங்கி வந்தவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை இது. நியாயமான எரிச்சல்தான். ஆனால் இது உழைப்பைப் பற்றிய பேச்சு, நேர்மையைப் பற்றியது அல்ல. பத்து வருஷம் பழகிய பிக்பாக்கெட், நேற்று பிளேடு வாங்கியவனைவிட யோக்கியன் ஆகிவிடுவானா?

பொய் உலோகத்தில் இல்லை என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. பெர்சி டயகோனிஸ் என்று ஒருவர். பதினாலு வயசில் வீட்டை விட்டு ஒரு மேஜிக் நிபுணரோடு கிளம்பிப் போனவர். பிற்பாடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியர் ஆனார். துளிக் குறையில்லாத காசைச் சுண்டினாலும், சுண்டும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் விழ வாய்ப்பு ஏறக்குறைய 51 சதவீதம் என்று 2007-ல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து கணக்குப் போட்டுச் சொன்னார். 2023-ல் ஐரோப்பாவில் ஒரு குழு இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. 3,50,757 தடவை சுண்டினார்கள். சுண்டிய கைகளுக்கு என்ன ஆனதோ, விடை 50.8 சதவீதம். காசு சுத்தம். சுண்டுகிற கைதான் ஒரு மயிரிழை சாய்கிறது.

ஆகவே காசில் ஓட்டையா, கையில் ஓட்டையா என்பதை விட்டுவிடுவோம். நான் பார்க்கிற இடம் வேறு.

எந்த வித்தையிலும் இரண்டு ரகசியங்கள் இருக்கின்றன. ‘இதை எப்படிச் செய்தேன்’ என்பது ஒன்று. ‘இது வித்தைதான்’ என்பது இன்னொன்று. மேஜிக்காரர் முதல் ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறார். இரண்டாவதை வாசலிலேயே போட்டு உடைத்துவிடுகிறார். போர்டு மாட்டி, டிக்கெட் கிழித்து, ‘வாங்க, உங்களை ஏமாத்தப் போறேன்’ என்று அழைக்கிறார். நாம் ஏமாறத் தயாராகி உட்காருகிறோம். ஏமாறாவிட்டால்தான் டிக்கெட் காசு போச்சே என்று வருத்தப்படுவோம். மோசடிக்காரன் முதல் ரகசியத்தைக்கூடச் சமயத்தில் விட்டுக்கொடுப்பான். இரண்டாவதை மட்டும் விடவே மாட்டான்.

இந்த இரண்டாவது ரகசியம் கை மாறும்போது அதே பொருள் எப்படி வேறாகிறது என்று பாருங்கள்.

பிரெஞ்சுக்காரர் ராபர்ட் ஊதேன். 19-ம் நூற்றாண்டு மேஜிக்கின் பிதாமகர் மாதிரி. அவரிடம் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ஒரு நிமிஷம் குழந்தைகூடத் தூக்கும், அடுத்த நிமிஷம் பயில்வானாலும் அசைக்க முடியாது. பெட்டியின் அடியில் இரும்பு, மேடைக்கு அடியில் மின்காந்தம். அவ்வளவுதான் கிம்மிக். பாரிஸ் ஜனங்களுக்கு அது வேடிக்கை. 1856-ல் பிரெஞ்சு அரசாங்கம் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே சமயப் பெரியவர்களுக்கு மக்களிடம் இருந்த செல்வாக்கை உடைத்து, ‘பிரெஞ்சுக்காரன் அவர்களைவிடப் பெரிய மந்திரவாதி’ என்று காட்ட வேண்டும். அதே பெட்டியை மேடையில் வைத்தார். ஒரு வாட்டசாட்டமான ஆளை அழைத்து, ‘உன் பலத்தை உருவிவிட்டேன்’ என்றார். அந்த ஆளால் பெட்டியை அசைக்க முடியவில்லை. போதாக்குறைக்குக் கைப்பிடியில் மின்சார அதிர்ச்சி வேறு. ஆள் அலறிக்கொண்டு ஓடினான். இதை அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பாரிஸில் அது கலை. அல்ஜீரியாவில் அது ஒரு ஜனத்தை மிரட்டி ஆளுகிற ஆயுதம். பெட்டியில் ஒரு ஆணிகூட மாறவில்லை.

இதற்கு நேர் எதிரில் நம்ம கோவை போத்தனூர் பி.பிரேமானந்த். 2009-ல் காலமான பகுத்தறிவாளர். காற்றிலிருந்து பொருள் வரவழைப்பது, நெருப்பைக் கையாள்வது என்று ‘தெய்வ சக்தி’ என்று சொல்லப்பட்டதையெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினார். செய்து முடித்ததும் எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு ரகசியத்தையும் அவிழ்த்துவிட்டவர் அவர். மேஜிக்காரர்களுக்குப் பிழைப்பு கெடுகிறதே என்று வருத்தம் வரலாம். ஆனால் பிரேமானந்தின் சண்டை அவர்களோடு இல்லை. வித்தையை வித்தை என்று சொல்ல மறுத்தவர்களோடுதான்.

சரி, காசுக்கே வருவோம். தமிழ்நாட்டில் கிம்மிக் காசால் அதிகம் சம்பாதித்தவர்கள் மேஜிக்காரர்கள் இல்லை. ‘ரைஸ் புல்லிங்’ கும்பல்கள். பேப்பரில் படித்திருப்பீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் செப்புக் காசு, இடி விழுந்து அதில் சக்தி ஏறிவிட்டது, பக்கத்தில் அரிசியைக் கொண்டுபோனால் இழுக்கும், வெளிநாட்டு விஞ்ஞானிகள் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள்... செய்தும் காட்டுவார்கள். அரிசி நகரும்! எங்கேயோ ஒரு காந்தம் இருக்கும். அரிசியில் இரும்புத் தூள் பூசியிருக்கும். ஊதேனின் பெட்டியேதான், சைஸ் மட்டும் சின்னது. ‘டெஸ்டிங்’ செலவுக்கு, ‘லைசென்ஸ்’ செலவுக்கு என்று லட்ச லட்சமாகக் கறந்துகொண்டு மறைந்துவிடுவார்கள். போலீஸ் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. 2014-ல் ‘சதுரங்க வேட்டை’ என்று படமே வந்து இந்த மாதிரி ஆட்களின் வண்டவாளத்தைக் காட்டியது. ஏமாறுகிறவர்கள் படிக்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தொழில் செய்கிறவர்கள், பட்டம் வாங்கியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். அதனால் ‘ஷெல்’ என்றால் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். பெயர்ப் பலகை இருக்கும், பதிவு எண் இருக்கும், உள்ளே வியாபாரம் இருக்காது. அதற்குப் பெயரும் ஷெல் கம்பெனிதான். மேஜிக் ஷெல்லுக்கு அது சித்தப்பா பையன். 2009 ஜனவரி 7-ம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தை மறக்க முடியுமா? கணக்குப் புத்தகத்தில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டியது 5,361 கோடி. அதில் 5,040 கோடி கிடையவே கிடையாது என்று அவரே எழுதினார். மேலே பார்த்தால் முழுக் காசு, திருப்பிப் பார்த்தால் கூடு. இரண்டாவது ரகசியத்தை வருஷக்கணக்காகக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதை நம்பி பங்கு வாங்கியவர்கள் டிக்கெட் எடுத்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை. பிள்ளைகள் படிப்புக்கும் மகள் கல்யாணத்துக்கும் சேர்த்த பணத்தைப் போட்டவர்கள்.

வித்தியாசம் இங்கேதான். மேஜிக் மேஜையை விட்டு எழுந்து போகிறவர் தன் பணத்தைப் பற்றியோ, உடம்பைப் பற்றியோ, ஓட்டைப் பற்றியோ அந்த வித்தையை நம்பி ஒரு முடிவும் எடுப்பதில்லை. பொய் அந்த மேஜையோடு முடிந்துவிடுகிறது. ரைஸ் புல்லிங்காரன் காட்டுகிற வித்தை அங்கே முடிவதில்லை. அதை நம்பி ஒருவர் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கிறார். நம் முடிவை நம்மிடமிருந்து திருடுகிற பொய்தான் மோசடி. நம் ஆச்சரியத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிற பொய் விளையாட்டு.

அப்படியானால் அத்தா சொன்னது தப்பா?

அவசரப்படாதீர்கள். அவர் சொன்னதில் பாதியை மேஜிக்காரர்களே யோசிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கை வித்தையில் பொய் எங்கே இருக்கிறது? விரல் அசைவில். கையை விரித்ததும் அது காற்றோடு போய்விட்டது. கிம்மிக்கில் பொய் ஒரு பொருளாக இருக்கிறது. ஷோ முடிந்த பிறகும் பையில் கிடக்கிறது. ராத்திரி சட்டையைக் கழற்றி மாட்டும்போது மேஜையில் வைக்கப்படுகிறது. காலையில் அவசரமாகச் சில்லறை தேடுகிற கை அதை எடுத்துவிடலாம். டீக்கடையில் கொடுத்துவிடலாம். அந்த நொடியில் அது வித்தைப் பொருள் அல்ல. கள்ளக் காசு. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனாலும் டீக்கடைக்காரருக்கு நஷ்டம் நஷ்டம்தானே? நம் சட்டம் மனசைக் கேட்காமல் காசைச் சிதைப்பதையே தடுப்பதில் ஒரு மளிகைக் கடைக்காரரின் புத்தி இருக்கிறது என்று இப்போது படுகிறது.

காசின் மேல் உள்ள நம்பிக்கை எவ்வளவு மெல்லிசு என்பது கல்லாவில் உட்காருகிறவர்களுக்குத்தான் தெரியும். பத்து ரூபாய் நாணயம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு வதந்தி. ‘கோடு எண்ணிக்கை மாறியிருக்கு, இது செல்லாது.’ அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பஸ்ஸில் வாங்க மாட்டேன் என்றார்கள், கடையில் வாங்க மாட்டேன் என்றார்கள். 14 டிசைன்கள் வந்திருக்கின்றன, பதினாலும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டிவந்தது. அரசாங்கம் அடித்த நல்ல காசே ஜனங்கள் நம்பவில்லை என்றால் செல்லாக் காசாகிவிடுகிறது. அதில் நிஜமாகவே ஒரு பொய்க் காசு கலந்தால் என்ன ஆகும் என்று அவர் பயப்படுகிறார். அது பத்தாம்பசலித்தனம் இல்லை. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே வார்த்தை இருப்பதை நாம் பேச்சுப் போட்டியில் கைதட்டலுக்காகச் சொல்கிறோம். கடைக்காரர்கள் அதைத் தினமும் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள்.

ஆக, கலையைப் பற்றி மகன் நினைப்பது சரி. பொருளைப் பற்றி அத்தா பயப்படுவது சரி.

இப்போது ஜெய். இந்த அளவுகோலை வைத்தால் அவன் தோற்றுப்போகிறான். வித்தை என்பதை அவன் சொல்லவே இல்லை. வீருவின் முடிவைத் திருடிக்கொண்டான். ‘நானும் இருக்கிறேன், சேர்ந்தே சாவோம்’ என்று சொல்லும் உரிமை வீருவுக்கு இருந்தது. நண்பன் என்றால் அந்த உரிமையும் சேர்த்துத்தானே? நமக்குக் கோபம் வராததற்குக் காரணம், அந்தப் பொய்க்கான விலையை அவனே கட்டினான். முழுசாக. ராஜுவின் பொய்க்கு ஊரார் விலை கொடுத்தார்கள். ஜெய் பில்லைத் தன் பெயருக்குப் போட்டுக்கொண்டான்.

ஆனால் கோபம் வரவில்லை என்பதால் அவன் செய்தது சரி என்று ஆகிவிடுமா? இங்கேதான் எனக்குத் தடுமாற்றம். நம் வீடுகளில் இந்த இரட்டைத் தலைக் காசு நிறைய புழங்குகிறது. பாத்திரத்தில் ஒருவருக்குத்தான் சோறு இருக்கும். “நான் அப்பவே சாப்ட்டேன், நீ சாப்பிடு” என்பார் அம்மா. டாக்டர் சொன்னதை அப்பாவிடம் சொல்லாமல் “சாதாரண கேஸ்தான்பா” என்கிறோம். எல்லாம் அன்புதான். விலையையும் பெரும்பாலும் நாமே கட்டுகிறோம். ஆனாலும் காசைப் புரட்டிப் பார்க்கிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு அந்த மகன், அந்த அப்பா, நெகிழ்ந்து மட்டும் போவதில்லை. ‘என்னைக் கேட்டிருக்கலாமே’ என்று ஒரு வலியும் வரும். தன் கடைசி மாதங்களை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுக்கிற உரிமை அப்பாவுடையதா, நம்முடையதா? அன்புக்காகச் சொன்ன பொய்யும் அடுத்தவர் முடிவைத் தூக்கிக்கொண்டு போகும்போது கொஞ்சம் திருட்டுதான். மன்னிக்கக்கூடிய திருட்டு. அதற்காக அதைத் தானம் என்று எழுதிவிட முடியாது.

மேஜிக்காரர் இந்த விஷயத்தில் நம்மைவிடச் சுத்தமானவர். அவர் அனுமதி கேட்டுக்கொண்டுதான் பொய் சொல்கிறார்.

ஆகவே கோட்டக்குப்பம் தம்பிக்குச் சொல்கிறேன். கிம்மிக் வாங்குங்கள், தப்பில்லை. அதற்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள், பர்ஸில் போடாதீர்கள். ஷோ முடிந்ததும் எண்ணிப் பார்த்து உள்ளே வைப்பதை, கடை சாத்தும்போது அத்தா கல்லா எண்ணுவது மாதிரி பழக்கமாக்குங்கள். பார்ப்பவரிடம் காசு வாங்கி அதை உங்கள் காசோடு மாற்றினால், எழுந்து போவதற்குள் அவருடைய காசே அவர் கைக்குத் திரும்ப வேண்டும். மேஜையில் யாராவது கண் கலங்க, “தம்பி, உங்களுக்கு ஏதோ சக்தி இருக்கு, என் பொண்ணு ஜாதகத்தைப் பாருங்க” என்று கேட்கும் நாள் வரும். நிச்சயம் வரும். அன்றைக்கு அவர் நீட்டுகிற நோட்டை வாங்காமல் “ஐயா, இது வெறும் வித்தை” என்று சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டும். அதைச் சொல்ல முடியாத மேஜிக்காரர்தான் அத்தா பயப்படுகிற ஆள்.

முதல் ஷோவை அத்தாவுக்கே காட்டுங்கள். யூரோ வேண்டாம், கிம்மிக் வேண்டாம். அவர் கல்லாவிலிருந்தே ஒரு ரூபாயை வாங்கி, பேனாவால் ஓர் அடையாளம் போடச் சொல்லுங்கள். கையில் மறைத்து, அவர் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டி, அதையே அவர் கையில் திருப்பிக் கொடுங்கள். அவர் சிரிக்கலாம், சிரிக்காமலும் இருக்கலாம். ஆனால் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கல்லில் ஒரு தட்டுத் தட்டிக் காதால் கேட்டுவிட்டுத்தான் கல்லாவில் போடுவார்.

போடட்டும். ரோஷப்படாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.